நங்கூரம் கொடுக்காத கடிகாரம்

எங்கள் பயண அலுவலகத்தில் கப்பல் சுற்றுலா மேசையைப் பார்த்துக்கொள்கிறவளை எல்லாரும் நங்கூரம் என்றுதான் கூப்பிடுவோம். காலையில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் மாலையில்தான் எழுந்திருப்பாள். அவள் மனதில் ஒன்று விழுந்தாலும் அப்படித்தான். அடிவரைக்கும் போய் மண்ணைக் குத்திக்கொண்டு கிடக்கும். பெயர் வைத்த முதலாளிக்கு முதல் காரணம் மட்டுமே தெரியும். இரண்டாவது, பக்கத்து மேசையில் விமான டிக்கெட் போடுகிற எனக்குத் தெரியும். என்னை அவள் "டிக்கெட்டு" என்பாள்.

கப்பலில் போக ஆசைப்பட்டு வருகிறவர்கள் உட்கார்ந்ததும் விலை கேட்பார்கள். நங்கூரம் விலையைச் சொல்ல மாட்டாள். "பஸ்ல போனா வாந்தி வருமா?" என்பாள். "சண்டை வந்தா ரெண்டு பேர்ல யாரு கதவச் சாத்திக்குவீங்க?" என்பாள். புதுசாகக் கல்யாணமானவர்கள் சிரிப்பார்கள். பழசாக ஆனவர்கள் ஒருவரை ஒருவர் கை காட்டுவார்கள். அதை வைத்துத்தான் அவள் அறை பார்ப்பாள். வாந்திக்காரர்களுக்குக் கீழ்த் தளத்தில், கப்பலின் நடு வயிற்றில். "சீசா பலகையில நடுவுல உக்காந்தவனுக்கு ஆட்டம் தெரியுமா? ஓரத்துல உக்காந்தவன்தான் கத்துவான்." நேரங்கழித்து எழுகிறவர்களை நீச்சல் குளத்துக்கு நேர் கீழே போட மாட்டாள். விடிந்ததும் வேலையாட்கள் சாய்வு நாற்காலிகளை இழுத்துப் போடுவார்கள், தலைக்கு மேல் இடி இடிக்கும். லிப்டுக்கு எதிரே அறை வேண்டாம், ஊரார் சிரிப்பெல்லாம் கட்டில் வரைக்கும் வரும்.

இதெல்லாம் புத்தகத்தில் படித்ததில்லை. அவள் பல வருஷம் கப்பலில் அறை சுத்தம் செய்தவள். படுக்கை விரித்து, துண்டை மடித்து அன்னம், குரங்கு, யானை என்று செய்து கட்டிலில் வைத்துவிட்டு வருகிற வேலை. இப்போதும் யார்மேலாவது பிரியம் வந்துவிட்டால் அவள் கை சும்மா இருக்காது. மேசை துடைக்கிற துணி முயலாகிவிடும்.

எல்லாம் பேசி முடிந்ததும் கடைசி டிராயரை இழுப்பாள். உள்ளே முழுக்கக் கைக்கடிகாரங்கள். பிளாஸ்டிக் பட்டை, மலிவுச் சரக்கு. போகிற ஒவ்வொருவருக்கும் ஒன்று.

"ஏறினதும் கப்பல் கடிகாரத்தப் பாத்து இத வச்சிக்குங்க. அவங்க மாத்தச் சொன்னா மட்டும் மாத்துங்க. போன நம்பாதீங்க. அது நன்றி கெட்ட ஜென்மம், கரையில கால வச்சதும் கரை நேரத்துக்குத் தாவிடும். கப்பல் தன் நேரப்படிதான் கெளம்பும். வந்ததும் இத எங்கிட்ட திருப்பிக் குடுத்துடணும்."

எல்லாரும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். வெயிலில் கறுத்த முகத்தோடு வந்து, மேசையில் வைத்து, அரை மணி நேரம் கதை சொல்லிவிட்டுப் போவார்கள்.

அவளுக்குச் செய்யப்பட்ட துரோகத்தை ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது சொன்னாள். கப்பலில் இருந்தபோது அவள் அப்பா இறந்துபோனார். அன்றைக்குக் காலையில் அவள் கப்பல் ஒரு பெரிய துறைமுகத்தில்தான் கட்டியிருந்தது. எட்டிப் பார்த்தால் விமான நிலையம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாலைக்குள் வீட்டில் இருந்திருப்பாள். யாரும் சொல்லவில்லை. எல்லாம் முடித்துவிட்டு மறுநாள்தான் அண்ணன் செய்தி சொன்னான். அப்போது சுற்றிலும் தண்ணீர்.

"ஏண்ணா காத்திருக்கலன்னு கேட்டேன். 'உங்க அண்ணிதான், யாருக்காகவும் காத்துக்கிட்டு இருக்க முடியாதுன்னு சொல்லிட்டா, நான் என்ன பண்றது'ன்னான். அந்த வார்த்தைய நான் மறக்கல டிக்கெட்டு. சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

சாப்பாட்டு டப்பாவை மூடும்போது இன்னொன்றும் சொன்னாள். அன்றைக்குக் காலையில் வீட்டு எண்ணிலிருந்து அவள் போனில் ஒரே ஒரு மணி அடித்து நின்றுபோனது. கை தவறிப் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். "இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. சொன்னா, அப்பவே திருப்பிக் கூப்பிட்டிருக்கலாம்லன்னு என் தலையிலயே கட்டுவாங்க."

அந்த அண்ணனும் அண்ணியும் ஒருநாள் எங்கள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

அண்ணி முன்னால், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு. அண்ணன் பின்னால், மின்விசிறி, காலண்டர், சுவரில் ஒட்டிய கப்பல் படம் என்று ஒவ்வொன்றாக வேடிக்கை பார்த்துக்கொண்டு.

"சொந்தக்காரி இருக்கும்போது வெளியாளுகிட்ட எதுக்குப் போகணும்னு வந்துட்டோம்" என்றாள் அண்ணி. "கல்யாண நாள் வருது. உங்கண்ணனக் கப்பல்ல கூட்டிட்டுப் போகலாம்னு. வீட்டாளுங்களுக்கு என்ன கொறச்சுத் தருவே?"

நங்கூரம் எழுந்திருக்கவில்லை. ஆனால் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. 

"உக்காருங்க அண்ணி. பஸ்ல போனா வாந்தி வருமா?"

"எனக்கென்ன, இரும்பு வயிறு. உங்கண்ணன்தான் தொட்டிலாட்டினாலே படுத்துக்குவாரு."

"வாந்தி வந்தது ஒரே ஒரு தடவைதான்" என்றான் அண்ணன், காலண்டரைப் பார்த்துக்கொண்டே.

நடு வயிற்றில் அறை போட்டாள். மேலேயும் கீழேயும் பிற அறைகள்தான், நடனக் கூடமோ சமையல் கட்டோ கிடையாது. கப்பல் கிளம்புகிற ஊருக்கு முந்தின நாளே போய்ச் சேர்ந்துவிடச் சொன்னாள், "விமானம் தாமதமானா அது உங்க தலைவிதி, கப்பலுக்கு அதப் பத்திக் கவலையில்ல." பாஸ்போர்ட் ஆறு மாசத்துக்கு மேல் செல்லுபடியாக வேண்டும், நகல் ஒன்று கைப்பையில் இருக்க வேண்டும். பெரிய பெட்டி அறைக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும், அதனால் மாத்திரை, மாற்றுத் துணி, கண்ணாடி எல்லாம் கையோடு. நடுக்கடலில் போனை ஏரோப்ளேன் மோடில் வைக்காவிட்டால், திரும்பி வரும்போது பில் பார்த்து மயக்கம் வரும். முதல் நாள் மதியம் எல்லாரும் தாங்களே எடுத்துப் போட்டுக்கொள்கிற பஃபே கூடத்துக்கு ஓடுவார்கள். உட்கார்ந்து சாப்பிடுகிற கூடம் காலியாகத்தான் இருக்கும், அங்கே போங்கள். இஸ்திரிப் பெட்டி கொண்டு போகாதீர்கள், வாசலிலேயே பிடுங்கி வைத்துக்கொள்வார்கள்.

"பாத்தீங்களா" என்று அண்ணி அண்ணனைப் பார்த்தாள். "பெட்ஷீட் மாத்துனவ, இப்ப கப்பலே இவளுது மாதிரி பேசறா."

நங்கூரம் அதற்கும் சிரித்தாள். கல்யாண நாளன்று இரவுச் சாப்பாட்டில் இருவர் பெயரும் எழுதிய கேக் வரவும், பணியாளர்கள் மேசையைச் சுற்றி நின்று பாடவும் ஏற்பாடு செய்தாள். கட்டிலில் துண்டு மடித்து ஜோடி அன்னம் வைக்கவும் சொல்லி அனுப்பினாள். எனக்குக் குழப்பமாக இருந்தது. இவள் மன்னித்துவிட்டாளா என்ன?

வழித்தடம் பார்க்கும்போதுதான் தெரிந்தது. இரண்டு வழிகள் இருந்தன. அவள் ஒன்றை மெல்ல நகர்த்திவிட்டு மற்றதை அண்ணி பக்கம் திருப்பி வைத்தாள். அந்த வழியில் ஒரு துறைமுகம் உண்டு. கரையின் நேரம் கப்பலின் நேரத்தைவிட ஒரு மணி நேரம் பின்னால். அந்த ஊர்க் கடைத்தெருவும் பேர்போனது.

"அங்க கப்பல்காரங்களே சுத்திக் காட்டக் கூட்டிட்டுப் போவாங்க" என்றாள் நங்கூரம். "அவங்களோட போனா, தாமதமானாலும் கப்பல் நிக்கும். நீங்களா டாக்சி வச்சுப் போனா நிக்காது."

"அதுக்கு வேற தனியா அழணுமா? நாங்களே பாத்துக்கறோம். நாங்க என்ன பச்சக் கொழந்தைங்களா?"

"உங்க இஷ்டம் அண்ணி."

எல்லாம் முடிந்தது. நங்கூரத்தின் கை பழக்கத்தில் கடைசி டிராயரின் கைப்பிடிக்குப் போனது. அப்போது அண்ணன் சோம்பல் முறித்தான். சட்டைக் கை மேலேறி, மணிக்கட்டில் ஒரு பழைய சாவிக் கடிகாரம் தெரிந்தது. வெள்ளை முகம், ஓரத்தில் ஒரு கீறல். நங்கூரம் முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு வாங்கி அனுப்பியது அது. கடைசியாக அவர் முகத்தைக்கூடப் பார்க்கவிடாதவன், அவர் கையிலிருந்து கழற்றி மாட்டிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்திருக்கிறான்.

டிராயர் ஒரு விரல் அளவு திறந்திருந்தது. அவள் அதைத் தள்ளி மூடினாள்.

அவர்கள் போனதும் கேட்டேன். "கடிகாரம் குடுக்கலையே?"

"கேட்டாங்களா?"

"மத்தவங்க யாரு கேட்டாங்க? நீங்களாத்தானே குடுப்பீங்க."

"டிக்கெட்டு, தினமும் கதவடியில ஒரு தாள் போடுவாங்க. கப்பல் நேரம், கரை நேரம் எல்லாம் கொட்டை எழுத்துல இருக்கும். நானே அந்தத் தாளப் போட்டவதான். படிக்காம அதுல கால் தொடச்சா அது யாரு தப்பு?"

"அவங்க கப்பல விட்டுட்டா?"

"விடட்டும். கப்பல் யாருக்காகவும் காத்துக்கிட்டு இருக்காது." துடைக்கிற துணியை எடுத்தாள். அது முயலாகவில்லை, இறுக்கி முறுக்கிக்கொண்டே இருந்தாள். அண்ணன் கையில் கட்டியிருப்பதும் போன் மாதிரித் தாவாது, ஏறும்போது வைத்த கப்பல் நேரத்திலேயே ஓடும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. கோபம் கண்ணை மறைத்துவிட்டது.

அந்தத் துறைமுக நாள் வந்தது. நான் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதும் எழுந்து நடப்பதுமாக இருந்தேன். அண்ணியின் எண் என் கணினியில் இருந்தது. ஒரு வரி அனுப்பினால் போதும்.

"அந்தப் பக்கம் கை போச்சுன்னா பாத்துக்கோ" என்றாள் நங்கூரம், திரும்பிப் பார்க்காமலே. அன்று புதுத் துணி உடுத்தி, எல்லாருக்கும் இனிப்பு வாங்கி வந்திருந்தாள். என்ன விசேஷம் என்று முதலாளி கேட்டதற்கு, "ஒருத்தர வழியனுப்பறேன் சார்" என்றாள். நான் என் பங்கு இனிப்பைக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டேன். 

மதியம் தாண்டி அவள் போன் அடித்தது. நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"அடியே! கப்பல் போகுதுடி! கயித்த அவுத்துட்டாங்க! என் போன்ல இன்னும் ஒரு மணி நேரம் இருக்குடி, அவங்க கெளம்பிட்டாங்க! நிறுத்தச் சொல்லு!"

பின்னால் கப்பலின் ஊதல் சத்தம். அது அடங்குகிற வரைக்கும் நங்கூரம் பொறுமையாக இருந்தாள். வருஷக்கணக்கில் ஊறவைத்த வாக்கியம். அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்ள அவளுக்கு மனமில்லை.

"யாருக்காகவும் காத்துக்கிட்டு இருக்க முடியாது, அண்ணி."

 நங்கூரத்தின் முகம் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. அப்புறம் அண்ணி பேசினாள். குரல் மாறியிருந்தது.

"உங்கண்ணன் மேல நிக்கறாரு."

"எங்க?"

"கப்பல்ல. கடையில நின்னுக்கிட்டிருந்தப்ப அந்தப் பழைய வாட்சப் பாத்துட்டு 'நேரமாச்சு வா'ன்னாரு. நான் போனக் காட்டுனேன். சரின்னு சொல்லிட்டு அவரு பாட்டுக்குப் போயிட்டாரு. நான் தூரத்துல ஓடியாந்தப்ப ஏணிய இன்னும் எடுக்கலடி, கிட்ட வர்றதுக்குள்ள எடுத்துட்டாங்க. மேலேருந்து என்னப் பாத்தாரு. நாலு படி இறங்கினா கரை. இறங்கலாம்ல? யார்கிட்டயாவது சொல்லலாம்ல? அப்படியே கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்கறாரு." அண்ணியின் குரல் உடைந்தது. "கை ஆட்டறான்டி! எனக்கு டாட்டா காட்டறான்!"

நங்கூரம் வாய்விட்டுச் சிரித்தாள். முதலாளி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"சிரி, நல்லா சிரி. இப்ப ஒண்ணு சொன்னியே, யாருக்காகவும் காத்திருக்க முடியாதுன்னு, அது யாரு வார்த்தை தெரியுமா? உங்கண்ணன் வார்த்தை. உங்கப்பா போன அன்னைக்குச் சொன்னது. 'அவ வந்தா அழுது ஊரக் கூட்டுவா, என்னால ஆகாது, இன்னைக்கே முடிச்சிடணும்'னான். சொன்னது அவன், பேரு வாங்குனது நான்."

"மாட்டிக்கிட்டதும் கதை கட்டாதீங்க அண்ணி. அண்ணன் அப்பவே எங்கிட்ட சொல்லிட்டான்."

"சொல்லுவான்! நான் உனக்குப் போன் போட்டேன்டி! வீட்டு போன்லேருந்து. ஒரே ஒரு ரிங்கு போச்சு. கையிலேருந்து புடுங்கி வச்சிட்டான். வச்சிட்டுப் போய் வாசல்ல நின்னு வர்றவங்கள வேடிக்கை பாத்தான்."

நங்கூரத்தின் சிரிப்பு நின்றது. நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். போனில் அடித்து நின்ற அந்த ஒரு மணியைப் பற்றி அவள் சொன்ன ஒரே ஆள் நான். நான் யாரிடமும் சொல்லவில்லை என்று தலையை ஆட்டினேன்.

"ஏன் இத்தனை வருஷம் சொல்லல?" என்றாள் போனில், மெதுவாக.

"நீ கேட்டியா? வீட்டுக்கு வந்து என் மூஞ்சியப் பாத்துத் துப்பாத குறையாப் போனே. எனக்கு மட்டும் மானம் இல்லையா?"

 நங்கூரம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வேலைக் குரல் வந்துவிட்டது.

"அண்ணி, அழுகைய நிறுத்துங்க. நீங்க ஏறலன்னு தெரிஞ்சதும் அறைப் பெட்டகத்துலேருந்து உங்க பாஸ்போர்ட்ட எடுத்துத் துறைமுகத்துல அவங்க ஏஜென்ட்டுகிட்ட குடுத்துட்டுத்தான் போயிருப்பாங்க. நேரா அங்க போங்க, நகலக் காட்டுங்க. இப்ப சொல்லுங்க. அடுத்த ஊர்ல கப்பலப் புடிக்கணுமா, இல்ல வீட்டுக்கு வரணுமா?"

"அந்தாளு மூஞ்சியில நான் முழிக்கணுமா? வீட்டுக்குப் போடு."

"டிக்கெட்டு" என்றாள் நங்கூரம். நான் ஏற்கனவே தேட ஆரம்பித்திருந்தேன். ஜன்னலோர இருக்கையாகவே கிடைத்தது.

அண்ணியை விமானத்துக்கு அனுப்பி முடிப்பதற்குள் அண்ணன் கூப்பிட்டான். "பாப்பா, உங்க அண்ணி ஏறல போலிருக்கே…"

"தெரியும்ணா. அப்பா போன அன்னைக்கு நம்ம வீட்டு போன்லேருந்து எனக்கு ஒரு ரிங்கு வந்துச்சே, அது யாரு போட்டது?"

"எந்த ரிங்கு? இங்க சிக்னல் சரியில்ல பாப்பா…"

"பரவால்ல. நல்லா வேடிக்கை பாருங்க."

வைத்துவிட்டாள். நான் தயங்கித் தயங்கி நினைவுபடுத்தினேன். "நாளைக்குத்தான் கல்யாண நாள். அந்தக் கேக்கு, பாட்டு, அன்னம்… ரத்து பண்ணச் சொல்லிடவா?"

"எதுக்கு?" என்றாள். "ரெண்டு பேரு பேரும் போட்டே வரட்டும். பாடறவங்க இன்னும் ரெண்டு பேரு சேர்ந்தாலும் நல்லதுதான். நான் எழுதிச் சொல்றேன்."

எழுதினாள். என் கண் முன்னால்தான். 'வாடிக்கையாளருக்குக் கூச்ச சுபாவம், வேண்டாம் என்று சொன்னாலும் விடாமல் பாடவும்' என்று. அப்புறம் நான் சுற்றி வைத்திருந்த இனிப்பைக் காகிதத்திலிருந்து எடுத்து அவளே தின்றாள்.

பயணம் முடிந்து அண்ணன் விமானத்தில் ஊர் திரும்பியபோது அவனை அழைத்துவர யாரும் போகவில்லை. அவன் வீட்டுக்குப் போன் செய்தானாம். யாருக்காகவும் காத்திருக்க முடியாது என்று சொல்லி அண்ணி வைத்துவிட்டாளாம். பெட்டியை உருட்டிக்கொண்டு பஸ்ஸில்தான் வந்தான். பஸ்ஸில் வாந்தி எடுத்தான் என்றும் கேள்வி.

அதை வந்து சொன்னதே அண்ணிதான். கைப்பையைத் திறந்து, வெள்ளை முகக் கடிகாரத்தை எடுத்து நங்கூரத்தின் மேசையில் வைத்தாள்.

"கழட்டுன்னேன், கழட்டிக் குடுத்தான். எதுக்குன்னுகூடக் கேக்கல."

நங்கூரம் அதை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். சாவி கொடுத்தாள். தன் கையில் கட்டிக்கொண்டாள். பட்டை பெரிசாக இருந்தது. முழங்கைப் பக்கம் ஏற்றி விட்டுக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள் அண்ணி, நின்றபடியே. "எதுத்த ரூம்காரி கையில ஒரு பிளாஸ்டிக் வாட்ச் கட்டியிருந்தா. எங்க டூர் ஆபீசுல எல்லாருக்கும் குடுப்பாங்கன்னா. ஆபீஸ் பேரச் சொன்னா, இதே ஆபீசு. எனக்கு ஏன் குடுக்கல?"

 நங்கூரம் கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "வேணும்னுதான் குடுக்கல."

"தெரியும்."

"அது எதுக்குன்னு அவகிட்ட கேட்டிருந்தா தப்பிச்சிருப்பீங்க."

"எப்படிக் கேக்கறது? என் நாத்தனாரே அங்கதான் வேலை பாக்கறா, எனக்கு மட்டும் தரலன்னு சொல்லவா? கப்பல விட்டாலும் விடுவேன், மானத்த விடமாட்டேன்."

மன்னிப்பு என்ற சொல் இரண்டு பக்கமும் எழவில்லை. அண்ணி போகவும் இல்லை. சுவரிலிருந்த கப்பல் படத்தைப் பார்த்தாள். "மிச்ச ஊரெல்லாம் நான் பாக்கவே இல்ல" என்றாள். "தனியா ஒருத்தருக்கு நடு வயித்துல ரூம் கிடைக்குமா?"

"கிடைக்கும். ஆனா ஒருத்தர் போனாலும் ரெண்டு பேருக்கான காசு கேப்பாங்க அண்ணி."

"கேக்கட்டும். உங்கண்ணன் கார்டு எங்கிட்டதான் இருக்கு."

 "உக்காருங்க" என்றாள் நங்கூரம். பிறகு குனிந்து கடைசி டிராயரை முழுசாக இழுத்தாள்.